மூளைக் காய்ச்சலும் மச்சாளும்

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஏதோ கருகிக்கொண்டே இருந்ததாம். ஆனால் அது என் மூக்குக்கு மட்டும்தான். அடுப்படியில் தேடினேனாம். மின்விசிறியை நிறுத்தி அதன் வயரை முகர்ந்து பார்த்தேனாம். பக்கத்து வளவில் குப்பை கொளுத்துகிறார்களோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேனாம். எங்கேயும் ஒன்றும் எரியவில்லை.

"உனக்குத் தடிமன் பிடிக்கப்போகுது. அதுதான் மூக்கு ஏமாத்துது எண்டு சொன்னனான்" என்று என் கணவர் பிறகு சொன்னார்.

இதில் எதுவும் எனக்கு நேரடியாக ஞாபகம் இல்லை. என் சொந்தக் கதையின் இந்தப் பகுதியை நான் மற்றவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் மன்னார்த் தீவில் பேசாலையில் இருக்கிறோம். என் கணவருக்குக் கடல் தொழில். எனக்குக் கோயிலுக்குப் பின்னால் உள்ள முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலை. யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, வெளியூர் லொறிகள் மீன் ஏற்ற வந்து போகத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் ஒரே மகள் அந்தத் தை மாதம்தான் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

கருகல் மணத்துக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு, வெளிச்சத்தைப் பார்க்க விடாத தலையிடி. டெங்குவாக இருக்கும் என்று பப்பாசி இலைச் சாறு தந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் கழுவி, சோற்றுப் பானைக்குள் வைத்து மூடியதை என் கணவர் கண்டிருக்கிறார்.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"மழை வரப்போகுது. கடலைச் சாத்திப்போட்டு வாங்கோ" என்றேனாம்.

முதலில் சிரித்துவிட்டாராம். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்கிறார். நான் பகிடி விடவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோய், அவர் ஓட்டோ கூப்பிட வாசலுக்கு ஓடியபோது, உள்ளே நான் வலிப்பு வந்து விழுந்து கிடந்தேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். என் கணவர் சொன்னதை எல்லாம், கருகல் மணத்தையும் சப்பாத்தையும் கூட, இடைமறிக்காமல் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: "இது டெங்கு மாதிரித் தெரியேல்ல. மூளையில வைரஸ் கிருமி பிடிச்சிருக்கு எண்டுதான் நினைக்கிறன். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித்தான் சரியாச் சோதிக்கலாம். ஆனா அதுமட்டும் பார்த்துக்கொண்டு நிக்கேலாது. மருந்தை இப்பவே ஏத்துவம்." அவர் அன்றைக்கு அப்படி முடிவெடுத்ததால்தான் இன்றைக்கு நான் கதிரையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் பிறகு அதையேதான் சொன்னார்கள்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் கணவர் என்னோடு அம்புலன்சில் ஏறினார். கூட வந்த தாதி அப்போதுதான் கேட்டிருக்கிறார்: "அங்க பொம்பிளையள் வார்ட்டில ஆம்பிளையள் தங்கேலாது. துணைக்கு ஆர் நிப்பினம்?"

ஒருவரும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என் அம்மா இறந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். என் கணவருக்கு ஒரே ஒரு அக்கா இருந்தார். எனக்கு மச்சாள். பெருநிலத்தில், இலுப்பைக்கடவையில், வயல் செய்யும் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். அம்புலன்ஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் மச்சாளும் நானும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. மகளின் ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் தொடங்கிய கோபம். "செத்தாலும் உன்ர வாசற்படி மிதியன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே இருந்தார்.

என் கணவர், தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலம் தாண்டும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாராம். பிறகு எடுத்தார்.

"அக்கா, நான்தான். இவளை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போறம். மூளைக் காய்ச்சலாம். நினைவில்லை. வார்ட்டில நிக்க ஒரு பொம்பிளை வேணும்."



"இப்ப எவடத்தில வாறியள்?"

"பாலம் தாண்டிட்டம்."

"நான் றோட்டுக்கு வாறன். நிப்பாட்டச் சொல்லு."

அறுவடைக் காலம். முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுவிட்டு வந்து, ஒரு சீலைப் பையோடு வெயிலில் நின்றாராம். தலைமயிரில் பதர் ஒட்டியிருந்ததாம். அம்புலன்ஸ் நின்றதும் ஏறி, ஒரு வார்த்தையும் கேட்காமல், என் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட எனக்கு மறுபடியும் வலிப்பு வந்தபோது, என் தலை கட்டில் கம்பியில் அடிபடாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தவரும் அவர்தான். அந்தப் பையில் அந்தோனியார் சுரூபமும் இருந்தது, புகுந்த வீட்டுப் பிள்ளையார் கோயில் திருநீறும் இருந்தது. எனக்கு இரண்டையும் வைத்தாராம். தாதி பார்த்துச் சிரிக்க, "எந்தச் சாமி கேட்டாலும் காணும், பிள்ளை" என்றாராம்.

இனி என் சொந்த ஞாபகம் தொடங்குகிறது. மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மச்சாள்! எப்ப வந்தனீங்கள்?" என்றேன்.

அவர் கையிலிருந்த நகவெட்டி கட்டிலில் விழுந்தது. என் குரலில் இருந்த சந்தோசம்தான் அவரை உலுக்கிவிட்டது என்று பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. எனக்குப் பிடித்த மச்சாள் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"இப்பதான்" என்றார். அப்போது அவர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். வயிறு தட்டையாக இருந்தது.  எனக்குத் தெரிந்த வரையில் நான் நிறைமாதக் கர்ப்பிணி.

"மச்சாள், பிள்ளை எங்க?"

அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "பயப்பிடாத. பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப்பிள்ளை. சுகமா இருக்கிறா."

"எப்ப பிறந்தது?"

"கொஞ்சம் முந்தி" என்றார் மச்சாள்.

பிறகு எழுந்து விறாந்தைக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாராம். அதைத் தாதி எனக்குச் சொன்னார்.

நடந்தது இதுதான். மூளையில் ஞாபகங்கள் இருக்கும் பக்கத்தைக் கிருமி தாக்கியிருந்தது. எனக்கு ஆறு வருடத்துக்கு மேல் அழிந்துபோயிருந்தது. கல்யாணம் ஞாபகம் இருந்தது. கர்ப்பமானது ஞாபகம் இருந்தது. மகள் பிறந்ததோ, தவழ்ந்ததோ, பேசியதோ எதுவும் இல்லை. கோயில் வாசலில் நடந்த சண்டையும் அதோடு போய்விட்டது.

வைத்தியர் மச்சாளிடம் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லவேண்டாம், பயந்துவிடுவா என்று. அதற்கு மச்சாள் தன் பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு ஒரு வயதாக என் மகளை வளர்த்தார்.

முதல் நாள் பிள்ளைக்குப் பல்லு முளைத்தது. அடுத்த நாள் காலையில் சீப்பால் என் தலையை இழுத்துக்கொண்டே, "நடக்கத் தொடங்கிட்டா. ஆனா சுவரைப் பிடிச்சுத்தான். கையை விட்டா தொப்பெண்டு இருக்கிறா" என்றார். அதற்கு அடுத்த நாள் அவள் பேசினாள். 'தண்ணி' என்பதைத் 'தன்னனி' என்றாள். பிறகு சின்னமுத்து வந்து சுகமானது. பிறகு, என் முன்பள்ளியிலேயே வந்து இருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் கட்டிலில் கிடந்து கேட்டுச் சிரிப்பேன். அடுத்தது என்ன என்று கேட்பேன். "நாளைக்குச் சொல்லுறன்" என்பார்.

அவருக்கே அடுத்தது தெரியாது என்பதை நான் அப்போது அறியவில்லை. ஆறு வருடமாக அவரும் அந்தப் பிள்ளையைக் கண்டதில்லை. தினமும் பார்வையாளர் நேரத்தில், வார்ட்டுக்கு வெளியே என் கணவரை மறித்து வைத்து, "அதுக்குப் பிறகு என்ன நடந்தது? எப்ப பல்லு விழுந்தது? என்னத்துக்குப் பயப்பிடுவா?" என்று கேட்டுக் கேட்டு, அடுத்த நாளுக்குரியதைச் சேகரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வாரத்தில்தான் என் மகளைப் பெற்று வளர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பல் இரண்டு இல்லாத ஒரு பிள்ளை, வெள்ளைச் சட்டையோடு என் கட்டிலடியில் வந்து நின்றது.  மச்சாள் சொன்னதெல்லாம் தலைக்குள் இருந்தது. ஆனால் அந்த முகத்தை எனக்குத் தெரியாது. தெரியாத பிள்ளைகளிடம் ஒரு ஆசிரியை கேட்பதுபோலக் கேட்டேன்: "வாங்கோ, உங்கட பேர் என்ன?"

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் குழம்பவில்லை. வரும் வழியில் தகப்பன் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தார். அம்மாவின் மூளைக்குள் காய்ச்சல் போய்க் கொஞ்சத்தை அழித்துவிட்டது, நீதான் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று. அவள் பேரைச் சொன்னாள். வகுப்பைச் சொன்னாள். ரீச்சர் பேரைச் சொன்னாள். பிறகு மச்சாளைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டாள்.

"நான் உன்ர மாமி."

"அப்ப உங்களுக்கும் காய்ச்சலோ? ஏன் எங்கட வீட்ட வாறேல்ல?"

"ஓம் பிள்ளை. எனக்கும் ஒரு காய்ச்சல்தான்" என்றார் மச்சாள். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

போகும்போது மகள் என் கன்னத்தில் கொஞ்சினாள். அவளுடைய தலையில் வியர்வையும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு மணம் இருந்தது. முகம் சொல்லாததை அந்த மணம் சொல்லியது. இது என் பிள்ளை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் போன பிறகு நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

மருந்து ஏற்றி முடிய மூன்று வாரம் அளவில் ஆனது. வீட்டுக்குப் போவதற்கு முன் வைத்தியர் சில படங்களைக் காட்டினார். சாவி, கத்தரிக்கோல், துடுப்பு, வலை, பூட்டு. ஒன்றையும் விடாமல் சொன்னேன். பிறகு நாலு காலில் நிற்கும் ஒன்றைக் காட்டினார்.

"இது மிருகம்" என்றேன்.

"என்ன மிருகம்?"

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. "நடுத்தரமான மிருகம்."

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, மன்னாரில இருந்துகொண்டு கழுதையை மறக்கலாமோ? உங்கட ரவுனில ஆக்களைவிட அதுகள்தானே கூட!"

நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த படமும் அதற்கடுத்த படமும் அப்படியே போயின. காகம், கோழி, கத்தரிக்காய், மாம்பழம் எல்லாம் ஏதோ உயிருள்ளவை, ஏதோ சாப்பிடக்கூடியவை. மனிதர் செய்த பொருட்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தன. கடவுள் படைத்தவைதான் போய்விட்டன. மூளைக் காய்ச்சல் என்ற இந்த வருத்தத்தில் சிலருக்கு அப்படி நடப்பதுண்டு என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். "வீட்டில நெருப்புப் பிடிச்சு ஒரு அறை மட்டும் எரிஞ்ச மாதிரி. திரும்பக் கட்டலாம். ஆனா மெல்ல மெல்ல. கொஞ்ச நாளைக்குத் தனிய விடவேண்டாம்."

"விடமாட்டம்" என்றார் மச்சாள். மிதிக்க மாட்டேன் என்ற வாசற்படியை அவர் அன்று மாலையே மிதித்தார். என்னை ஒரு கையாலும் மருந்துப் பையை மறுகையாலும் பிடித்துக்கொண்டு வந்ததில், அதை அவரே கவனித்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு என்ன குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. ஊர் முழுக்க மீன் பிடித்து வாழும் ஊர். என் கணவர் ஆசையோடு கொண்டு வந்து கொட்டும் மீன்களில் ஒன்றுக்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் மட்டுமல்ல, எதைப் பொரிப்பது, எதைச் சொதி வைப்பது, எதில் முள் கூட என்பதும் போய்விட்டது. எல்லாம் வழுவழுப்பான, கண் உள்ள ஏதோ ஒன்று.

கோபமும் வந்தது. அதற்கு முன் நான் அப்படிக் கோபிக்கிற ஆள் இல்லையாம். ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையில் இருந்த கறியைக் காட்டி, இது என்ன என்று மகளிடம் கேட்டேன். "கத்தரிக்காய் அம்மா. நேற்றும் சொன்னனான்" என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். நான் கோப்பையைச் சோற்றோடு தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

மகள் அழுதுகொண்டு வெளியே ஓடினாள். மச்சாள் எழுந்து சுவரைத் துடைத்தார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார்.

"இஞ்ச பார், இந்தக் கோவம் வருத்தத்தின்ர கோவம், உன்ர இல்லை. அதுக்காக உன்னை ஏசமாட்டன். ஆனா பிள்ளைக்கு முன்னால எறியாத. எறிய வேணும்போல இருந்தா எனக்குச் சொல்லு. இஞ்ச வந்து ரெண்டு பேரும் எறிவம்."

சொன்னது போலவே ஒரு நெளிந்த அலுமினியச் சட்டியைக் கிணற்றடியில் வைத்தார். பல நாட்கள் நான் அதை மதிலில் எறிந்திருக்கிறேன். சில நாட்கள் அவரும் எறிந்தார். "எனக்கும் வீட்டு ஞாபகம் வருகுதெல்லே" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் பயந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

காலையில் மீன்பிடிப் போட்டுகள் வரும் நேரம் மச்சாள் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். வயலுக்குள் வாழ்க்கைப்பட்டு எவ்வளவோ காலம். ஆனாலும் இந்தக் கரையில் பிறந்தவர். முதலில் சும்மா பெயர்களைச் சொல்லித் தந்தார். நிற்கவில்லை. வீடு வருவதற்குள் எல்லாம் வழிந்து போய்விடும். ஒரு நாள் நீளமான மீன் ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"தெரியேல்ல. கத்தி மாதிரி இருக்கு."

மச்சாள் என்னைப் பார்த்தார். "உனக்குக் கத்தி தெரியும். அப்ப கத்தியைப் பிடி. கத்தி எண்டாச் சீலா. இனி இது சீலா."

அது நின்றது. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த பொருட்களைக் கொண்டு எனக்குத் தெரியாத மீன்களைப் பிடித்தோம். முரல் ஊசி. திருக்கை சுளகு. கணவாய் மைப்போத்தல். நண்டுக்குக் குறடு. கரையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னச் சூடை மீனுக்கு என்ன சொல்லலாம் என்று போட்டுச் சொந்தக்காரரான இரண்டு சம்மாட்டிமார் வாதாடினார்கள். கடைசியில் சவர அலகு என்று முடிவானது. ஒரு முறை அவசரப்பட்டுக் கெளுத்தியைத் தூக்கி, அதன் முள் உள்ளங்கையில் ஏறி, வலியில் துள்ளினேன். அதற்குப் பொருள் தேவைப்படவில்லை. ஒருநாளும் மறக்கவில்லை. பாரைக்கும் விளைமீனுக்கும் மட்டும் நல்ல பொருளாக ஒன்றும் அகப்படவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டிலும் எனக்குத் தடுமாற்றம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, உப்புக்குளத்தில் இருந்து என் சிநேகிதி பார்க்க வந்தாள். முன்பள்ளிப் பயிற்சிக்கு ஒன்றாகப் போன காலத்திலிருந்து பழக்கம். அவள்தான் மகளுக்கு ஞானத்தாய் என்று என் கணவர் சொல்லியிருந்தார். நானும் அதைச் சாதாரணமாகக் கேட்டு வைத்திருந்தேன். சந்தோசமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். மச்சாள் தேத்தண்ணியோடு உள்ளேயிருந்து வந்தார். சிநேகிதி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"நீங்கள்... இஞ்சையோ?"

"ஓம். இருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார் மச்சாள்.

சிநேகிதி தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டுப் புறப்பட்டாள். சிநேகிதி போன பிறகு நான் மச்சாளிடம் போனேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், நாங்கள் ரெண்டு பேரும் கோவமா இருந்தனாங்களோ?"

துருவலை நின்றது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனா ஏதோ இருக்கு."

கொஞ்ச நேரம் தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "இருந்தனாங்கள். ஆறு வருசம். நான் சொன்னா நீ நம்பத்தான் வேணும், உனக்கு வேற வழியில்லை. அதால நான் நேர்மையாச் சொல்லவேணும். கொஞ்சம் பொறு, யோசிச்சுச் சொல்லுறன்."

உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார். அவர்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குத் தகப்பனின் அக்காதான் ஞானத்தாய் ஆவது வழக்கம். அதை நம்பி அவர் ஞானஸ்நானச் சட்டையைத் தானே தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கோயில் வாசலில் வந்துதான், வேறு ஒருத்தி பிள்ளையை ஏந்துகிறாள் என்று கண்டிருக்கிறார்.

"எல்லாருக்கும் முன்னால நான் கத்தினன். நீ, பிள்ளை என்ர, ஞானத்தாயை நான்தான் தெரிவன் எண்டாய். அதுக்குப் பிறகுதான் நான் வாசற்படி மிதியன் எண்டது." மூச்சு விட்டுக்கொண்டார். "இனி உன்ர பக்கத்தையும் நான்தான் சொல்லவேணும். பேறுகாலத்தில உனக்கு நிறைய இரத்தம் போனது. உன்ர சிநேகிதிதான் இரத்தம் குடுத்து, இரவுபகலா நிண்டவ. நான் அறுவடை எண்டு வரேல்ல. அவவைத் தெரிஞ்சது நியாயம்தான். அது எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனா ஒரு சொல்லு முன்னமே சொல்லியிருக்கலாம் எண்டுதான் எனக்குக் கோவம்."

"ஏன் சொல்லாம விட்டனான்?"

"நீ சொல்லச் சொன்னனியாம். உன்ர மனிசனிட்ட. என்னட்டச் சொல்லிப்போட்டன் எண்டு உனக்குச் சொன்னவராம். எனக்குச் சொல்லப் பயந்து, பேசாம இருந்திட்டார். போன மாசம் ஆஸ்பத்திரி விறாந்தையில வைச்சுத்தான் என்னட்ட ஒத்துக்கொண்டவர்."

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இஞ்சருங்கோ," என்றேன், "உங்களுக்கு மறதிக் காய்ச்சல் வரேல்லைத்தானே?"

"இல்லை" என்றார் மெல்லிய குரலில்.

நான் என் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன். கோபம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லவே இல்லை. யாரோ அடுத்த ஊர்க் குடும்பத்தின் சண்டையைக் கேட்டது போல இருந்தது. "அப்ப மச்சாள், இப்ப நான் கோவிக்கவேணுமோ?" என்று கேட்டேன். மச்சாள் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துத் துருவலையில் இருந்து எழும்ப முடியாமல், கை முழுக்கத் தேங்காய்ப்பூவோடு கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். என் கணவருக்கும் மெல்லச் சிரிப்பு வந்தது. வருத்தம் வந்த பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாரி விதைப்புக்கு முன் மச்சாள் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. போவதற்கு முன் என்னை யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியர் என் மூளையை எடுத்த புதிய ஸ்கான் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் மச்சாளும் கையைக் கோத்துக்கொண்டு இருந்தோம்.

"வடு இருக்கு. அது இருக்கும்" என்றார். "ஆனா நெருப்பு இல்லை. முழுசா அணைஞ்சிட்டுது."

"திரும்ப வருமோ, டொக்டர்?" என்று மச்சாள் கேட்டார்.

"வாறது அபூர்வம். வலிப்புக் குளிசையை மட்டும் விடவேண்டாம். சுகமா வீட்ட போங்கோ."

வெளியே வந்து, வெயிலில், ஆஸ்பத்திரி மதிலோரம் இரண்டு பேரும் நின்றோம். மச்சாள் திடீரென்று, "ஐஸ்கிறீம் குடிப்பமோ?" என்றார். அவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு பெரிய கிண்ணம் வாங்கினோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்குப் பல்லு கூசியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் பேசிக்கொண்டே வந்தேன், பூநகரி வெளியில் நின்ற பறவைகளைக் காட்டி இது என்ன, அது என்ன என்று.

அடுத்த தை மாதம் முன்பள்ளிக்குத் திரும்பிப் போனேன். முதலில் அரை நாள் மட்டும், இன்னொரு ஆசிரியையோடு சேர்ந்து. அழிந்துபோன வருடங்களில் சில துண்டுகள் அதற்குள் திரும்பி வந்திருந்தன. மகளுக்குக் காது குத்தியபோது அவள் கத்திய கத்தல், ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வீடு வெள்ளையடித்தது, இப்படிச் சில. மிச்சம் வரவில்லை. வைத்தியர் சொன்னபடி இனி வராது. அவள் முதன்முதலாக நடந்ததை நான் மச்சாளின் வாயால் கேட்டதாகத்தான் வைத்திருக்கிறேன். அதுவும் நல்ல ஞாபகம்தான்.

முதல் நாள் பிள்ளைகள் என்னைச் சுற்றி இருந்தார்கள். பறவைப் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினேன். பச்சை உடம்பு, சிவந்த சொண்டு. எனக்குத் தெரியவில்லை. அட்டையைக் கீழே வைக்கப் போனேன். பிறகு, மறைத்து என்ன செய்ய என்று தோன்றியது.

"ரீச்சருக்கு இது தெரியேல்ல. ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"கிளி!" என்று இருபது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின. ஓட்டுக் கூரை அதிர்ந்தது. ஒரு சின்னப் பெட்டை எழும்பி வந்து, எனக்குச் சரியாக விளங்கவேண்டும் என்று, இரண்டு கையையும் விரித்து வகுப்பைச் சுற்றிப் பறந்து காட்டினாள். மற்றவர்களும் எழும்பிப் பறந்தார்கள். அவர்களைத் திரும்ப இருத்துவதற்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது. மத்தியானம் வீட்டுக்குப் போனபோது தொண்டை கட்டியிருந்தது, கால் நொந்தது, நல்ல பசி. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.